கணவர் ஐ.பி. கொடுத்தால் என் கையெழுத்து என்ன ஆகும்?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். என் கணவரும் அவருடைய நண்பரும் கூட்டாக ஒரு அச்சகம் நடத்தினார்கள். மிஷின் வாங்க எடுத்த பேங்க் கடனில் 14 லட்சம் பாக்கி. அதற்கு நானும் நண்பரின் மனைவியும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். போன வருடம் நண்பர், 'இனி எல்லாக் கடனும் உன் பொறுப்பு' என்று எழுதி வாங்கிக்கொண்டு விலகிவிட்டார். வீடு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. வீட்டுக் கடனும் அப்படித்தான், இன்னும் 18 லட்சம் கட்ட வேண்டும், இரண்டு தவணை கட்டவில்லை. இது போக இரண்டு புரோநோட்டில் 6 லட்சம். அதில் ஒன்றில் நானும் கீழே கையெழுத்துப் போட்டேன், சாட்சியாகவா கடன் வாங்கியவளாகவா என்று இப்போது நினைவில்லை. நான்கு வருடத்துக்கு முன் எழுதியது. அந்த ஆள் என் செக் ஒன்றையும் எழுதாமல் வாங்கி வைத்திருக்கிறார், போன வாரம் வந்து 'சும்மா 500 ரூபாய் வரவு வைத்து ஒரு கையெழுத்துப் போடும்மா' என்று கேட்டார். கிரெடிட் கார்டு பாக்கி கணவர் பெயரில் தனியாக இருக்கிறது. நான் தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன், சம்பளம் 24,000. தெரிந்த ஒருவர், 'ஐ.பி. போட்டுவிடலாம், அதற்கு முன்னால் வீட்டை உன் மாமியார் பெயருக்கு மாற்றிவிடு, 40,000 கொடுத்தால் எல்லாவற்றையும் நானே முடித்துத் தருகிறேன்' என்கிறார். கணவர் ஐ.பி. போட்டால் நானும் தப்பித்துவிடுவேனா? நம்பிப் போகிற மாதிரி வக்கீலை எங்கே தேடுவது? (பெயர் வேண்டாம்)

பதில்: சகோதரி, முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறேன், தப்பிக்க மாட்டீர்கள். ஐ.பி. என்பது கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் போடுகிற நொடிப்பு மனு, ஊர்ப் பேச்சில் மஞ்சள் கடிதாசு. உங்கள் கணவர் அதைக் கொடுத்தால் அது அவருக்குத்தான். அவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவருக்கோ அவருக்காக ஜாமீன் நின்றவருக்கோ அதில் ஒரு பைசா நிவாரணம் கிடையாது. இது என் அபிப்பிராயம் இல்லை. 1920-ஆம் வருட மாகாண நொடிப்புச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, நொடித்தவர் கடனிலிருந்து விடுவிக்கப்பட்டாலும் அவருடைய கூட்டாளியோ, கூடச் சேர்ந்து ஒப்பந்தம் செய்தவரோ, ஜாமீன்தாரரோ விடுபட மாட்டார் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நடைமுறையில் இன்னும் மோசம். கணவர் மேல் கைவைக்க முடியாது என்று தெரிந்த மறுநாளே கடன் கொடுத்தவர் எல்லோரும் மாதச் சம்பளம் வாங்குகிற உங்கள் பக்கம் திரும்புவார்கள். கணவருக்கு ஐ.பி. உத்தரவு வந்த சந்தோஷத்தில் இருந்த ஒரு குடும்பத்தில், மனைவி வேலை பார்த்த இடத்துக்குச் சம்பள ஜப்தி உத்தரவு வந்து சேர்ந்த பிறகுதான் என்னைத் தேடி வந்தார்கள். அதனால் ஐ.பி. போடலாமா என்று கேட்பதற்கு முன்னால், எந்தக் கடனில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

ஒரு நோட்டை எடுத்து, கடன் கொடுத்தவர் பெயர், தொகை என்பதோடு, அந்தத் தாளில் நீங்கள் எந்த இடத்தில், என்னவாகக் கையெழுத்துப் போட்டீர்கள் என்றும் எழுதுங்கள். கிரெடிட் கார்டு கணவர் பெயரில் மட்டும் இருக்கிறதா, அது அவர் கடன். மனைவி என்பதற்காக உங்களிடம் கேட்க முடியாது. போன் பண்ணி மிரட்டினால் 'என் கையெழுத்து இருக்கிற தாளைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள், அவ்வளவுதான். அந்த இரண்டு புரோநோட்டில் உங்கள் கையெழுத்து இல்லாததும் அப்படியே.

வீட்டுக் கடன் வேறு. அங்கே நீங்கள் ஜாமீன் அல்ல, கடன் வாங்கியவரே நீங்கள்தான். 'பாதி அவர், பாதி நான்' என்பது உங்கள் வீட்டுக் கணக்கு, பேங்க் கணக்கில் அப்படிக் கிடையாது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி, சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். கட்டியவர் பிறகு மற்றவரிடம் அவர் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அச்சகக் கடனில் நீங்கள் ஜாமீன். நிறையப் பேர், முதலில் மிஷினை விற்று, கணவரிடம் வசூல் பண்ணிப் பார்த்து, மிச்சம் இருந்தால்தான் ஜாமீன்தாரரிடம் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு வரிசை சட்டத்தில் இல்லை. கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு, பத்திரத்திலேயே வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. பேங்க் அச்சடித்து வைத்திருக்கிற பத்திரத்தில் உங்களுக்குச் சாதகமாக எழுதியிருக்க மாட்டார்கள், ஆனாலும் அதன் நகலை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டது, படிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த நண்பர் விஷயம். 'எல்லாக் கடனும் உன் பொறுப்பு' என்று எழுதி வாங்கினார் இல்லையா, அந்தத் தாள் அவருக்கும் உங்கள் கணவருக்கும் நடுவில்தான் செல்லும். பேங்க் அதில் கையெழுத்துப் போடவில்லை. அவர் கூட்டாளியாக இருந்த காலத்துக் கடனுக்கு, பேங்க் ஒப்புக்கொண்டு விடுவிக்காதவரை அவரும் முழுப் பொறுப்பு. விலகியதைப் பொது அறிவிப்பாக வெளியிடவில்லை என்றால் அதற்குப் பிறகு வந்த சில கடன்களுக்குக்கூட அவரை இழுக்க இடம் உண்டு. அவருடைய மனைவி உங்களைப் போலவே ஜாமீன், எனவே நீங்கள் ஒருவேளை பேங்குக்கு முழுவதும் கட்ட நேர்ந்தால் அதில் சரிபாதியை அந்தப் பெண்ணிடம் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கட்டிய பிறகு பேங்குக்கு அந்த மிஷின் மேல் இருந்த உரிமையும் உங்களுக்கு வந்துசேரும். ஆகவே இந்த 14 லட்சத்துக்குப் பின்னால் நான்கு பேர் நிற்கிறீர்கள். உங்கள் கணவர் அத்தனையும் தன் தலையில் என்று எழுதிக்கொடுத்ததால் மற்ற மூன்று பேரும் மறைந்துபோய்விடவில்லை. இன்னொன்று, மிஷின் கடன் போக ஓ.டி. கணக்கு (இருப்புக்கு மேல் பணம் எடுக்க பேங்க் அனுமதிக்கிற ஓவர் டிராஃப்ட்) ஏதாவது இருந்து, நண்பர் விலகிய பிறகு அதிலிருந்து பணம் எடுத்திருந்தால் அந்தத் தொகைக்கு உங்கள் ஜாமீன் செல்லாது என்று வாதாட வழி இருக்கிறது. வக்கீலிடம் மறக்காமல் கேளுங்கள்.

இப்போது அந்தப் புரோநோட்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே அவசரமான விஷயம் அந்த 500 ரூபாய்தான்.

முதலில், அதில் உங்கள் இடம் என்ன? அசல் தாள் கடன் கொடுத்தவரிடம் இருக்கிறது, ஜெராக்ஸ் கிடைத்தால் பாருங்கள். மேலே 'நான்' என்று ஆரம்பிக்கிறதா, 'நாங்கள் இருவரும்' என்று ஆரம்பிக்கிறதா? ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் யார் கையெழுத்து இருக்கிறது? உங்கள் கையெழுத்து ஸ்டாம்பை ஒட்டியா, அல்லது இடது பக்கம் 'சாட்சிகள்' என்று போட்டு அதன் கீழேயா? புரோநோட்டுக்குச் சாட்சி கட்டாயமே கிடையாது, ஆனால் நம் ஊரில் பழக்கத்தில் இரண்டு சாட்சி வாங்குவார்கள். சாட்சியாக மட்டும் போட்டிருந்தால் நீங்கள் அந்தக் கடனுக்குப் பொறுப்பே இல்லை. 'நாங்கள்' என்று எழுதி இரண்டு பேரும் போட்டிருந்தால் முழுத் தொகைக்கும் பொறுப்பு.

அடுத்தது காலக்கெடு. கேட்டவுடன் பணம் தர வேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து 3 வருடம். அதற்குள் வரவு வைத்து, கட்டியவர் கையெழுத்துப் போட்டால் அந்த நாளிலிருந்து மறுபடி 3 வருடம். நடுவில் உங்கள் கணவர் வரவு வைத்திருக்கலாம், அவரைப் பொறுத்தவரை கடன் உயிரோடுதான் இருக்கும். ஆனால் சேர்ந்து கடன் வாங்கியவர்களில் ஒருவர் வைத்த வரவு, அது ஒன்றை மட்டும் வைத்து மற்றவரைக் கட்டுப்படுத்தாது என்று காலவரையறைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்கிறது. அதாவது நான்கு வருடத்துக்கு முன் கையெழுத்துப் போட்டுவிட்டு அதன் பிறகு நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றால், உங்கள் மேல் வழக்குப் போடுகிற காலம் அநேகமாக முடிந்துவிட்டது. அந்த ஆளுக்கு இது தெரியும். அதனால்தான் 'சும்மா 500 ரூபாய்'. காலம் கடந்த கடனைக்கூட 'தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது புது ஒப்பந்தமாகச் செல்லும். எனவே பின்பக்கமோ முன்பக்கமோ, வெள்ளைத் தாளோ, வாட்ஸ்அப்போ, எதிலும் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 'வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று சொன்னால் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

செக் விஷயத்தில் இவ்வளவு தைரியம் சொல்ல முடியாது. எழுதாத செக்கில் கையெழுத்து உங்களுடையது என்றால், அவர் தொகையை நிரப்பிப் போட்டாலும் அது கடனுக்காகக் கொடுத்தது என்றுதான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் வேலை. கணவர் கடனுக்கு மனைவி கொடுத்த செக் என்பதும் தப்பிக்கிற வழி இல்லை, இன்னொருவர் கடனுக்காகக் கொடுத்த செக்கும், செக் திரும்பினால் தண்டனை சொல்கிற செலாவணி ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவுக்குள் வரும். பேங்கில் 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படித் திரும்பிய செக்குக்கும் வழக்கு உண்டு. செக் திரும்பினால் அந்தத் தகவல் அவருக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், உங்களுக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். அந்த 15 நாளில் பதில் நோட்டீஸ் போடாமல் விடுகிறவர்கள்தான் அதிகம், பிறகு கோர்ட்டில் போய்ப் புதிதாகக் கதை சொல்கிற மாதிரி ஆகிவிடுகிறது. கடன் காலாவதியானது, செக் எழுதாமல் வாங்கியது என்பதெல்லாம் அந்தப் பதிலிலேயே வந்தால்தான் எடை இருக்கும். அப்புறம், இது கிரிமினல் வழக்கு. உங்கள் கணவர் ஐ.பி. போட்டாலும், நீங்களே ஐ.பி. போட்டாலும் செக் வழக்கு அதனால் நின்றுவிடாது.

சரி, ஐ.பி. என்றால் உண்மையில் என்ன? வக்கீல் ஒரு நோட்டீஸ் அனுப்பியதும் கடன் எல்லாம் ஆவியாகிவிடும் என்பது ஊர்ப் பேச்சு. நிஜத்தில் அது ஒரு நீண்ட சிவில் வழக்கு. சென்னை நகரத்துக்குள் இருக்கிறவர்களுக்கு 1909-ஆம் வருடச் சட்டப்படி உயர் நீதிமன்றம், மற்ற இடங்களில் 1920-ஆம் வருடச் சட்டப்படி சப் கோர்ட். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனு போடலாம் என்று சட்டத்தில் இருக்கிறது, நூறு வருடமாக அந்தத் தொகையை யாரும் மாற்றவில்லை. மனுவோடு எல்லாக் கடனும், கொடுத்தவர் விலாசமும், தன் சொத்து அத்தனையும் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் நோட்டீஸ் போகும், அவர்கள் வந்து எதிர்ப்பார்கள், 'இவருக்குக் கட்ட வசதி இருக்கிறது, சொத்தை மறைக்கிறார்' என்பார்கள். மனுவைத் தாக்கல் செய்ததாலேயே எதுவும் நிற்காது. நீதிமன்றம் 'இவர் நொடித்தவர்' என்று உத்தரவு போட்ட பிறகுதான் கோர்ட்டைக் கேட்காமல் யாரும் அவர் மேல் வழக்குப் போடக் கூடாது என்ற பாதுகாப்பு. அன்றைக்கே அவர் சொத்து, அதைப் பொறுப்பேற்கிற அதிகாரியான அஃபீஷியல் ரிசீவர் கைக்குப் போகும், விற்று எல்லோருக்கும் பங்கு வைப்பார்கள். அதன் பிறகும் கோர்ட் குறித்த கெடுவுக்குள், கடனிலிருந்து விடுவிக்கச் சொல்லி விடுதலை மனு போட வேண்டும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். முதல் உத்தரவு வந்ததும் ஃபைலைப் பரணில் போட்டுவிடுவார்கள், விடுதலை கேட்காமல் இருந்தால் அந்த உத்தரவே ரத்தாகிக் கடன் முழுவதும் பழையபடி வந்து நிற்கும்.

வீட்டுக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பும் கிடையாது. சொத்தை அடமானமாக வைத்திருக்கிற பேங்கை ஐ.பி. உத்தரவு தடுக்காது, அது சர்ஃபேசி சட்டப்படி (கோர்ட்டில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை பேங்க் எடுத்து விற்க வழி செய்கிற சட்டம்) 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் தன் வழியில் போகும்.

இணையத்தில் தேடினால் 2016-ஆம் வருட நொடிப்பு மற்றும் திவால் சட்டம்தான் முதலில் வரும், அதில் தனிநபர்களுக்கும் அழகாக ஓர் அத்தியாயம் இருக்கிறது. படித்துவிட்டு நம்பிக்கையோடு போய் நிற்காதீர்கள். அந்தப் பகுதியை 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனிநபர்களுக்கு மட்டும்தான் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் கணவர் நடத்தியது கூட்டு வியாபாரம், பதிவு செய்த கம்பெனி அல்ல. அதனால் உங்கள் ஜாமீன் அதற்குள் வராது, உங்கள் இருவருக்கும் பழைய சட்டம்தான்.

மாமியார் பெயருக்கு வீட்டை மாற்றுகிற யோசனை. வேண்டவே வேண்டாம். வீடு அடமானத்தில் இருக்கிறது, மாற்றினாலும் பேங்கின் பிடி கூடவே போகும், அதனால் அதில் லாபமே இல்லை. பணம் வாங்காமல் எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட்டை, அதிலிருந்து 2 வருடத்துக்குள் ஐ.பி. மனு வந்து உத்தரவானால் ரிசீவர் ரத்து செய்ய வைக்கலாம். அதைவிட வேடிக்கை, கடன் கொடுத்தவரை ஏமாற்றச் சொத்தை மாற்றுவதே சட்டத்தில் 'நொடிப்புச் செயல்' ஆகிவிடுகிறது, அதைக் காட்டி அவர்களே உங்கள் கணவர் மேல் ஐ.பி. போடலாம். சொத்தை மறைத்தால் சிறைத் தண்டனை வரைக்கும் உண்டு. வில்லங்கச் சான்று ஒன்று எடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிற விஷயத்தை மறைப்பு என்று சொல்கிறவரை நான் என்னவென்று சொல்ல? அதே போல, மனு போடுவதற்கு முந்தைய 3 மாதத்தில் மைத்துனருக்கு, நண்பருக்கு என்று வேண்டியவருக்கு மட்டும் கணவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அது கேள்விக்கு வரும்.

பயத்தையே எழுதிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் ஆறுதலும் இருக்கிறது. பணக் கடன் டிகிரிக்காக (கோர்ட் போடுகிற தீர்ப்பாணை) ஒரு பெண்ணைக் கைது செய்து சிவில் சிறையில் அடைக்க முடியாது, சிவில் நடைமுறைச் சட்டம் 56-ஆவது பிரிவு. 'உள்ளே தள்ளிவிடுவேன்' என்று யாராவது மிரட்டினால் இந்த எண் நினைவில் இருக்கட்டும் (செக் வழக்கு இதில் சேராது, அது தனி). உங்கள் கணவரைக்கூட, பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அடைக்க முடியாது, வசதி இருந்தும் கட்டாமல் ஏமாற்றுகிறார் என்று காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. சம்பளத்துக்கும் கணக்கு இருக்கிறது. உங்கள் 24,000-இல் முதல் 1,000-ஐத் தொட முடியாது, மீதி 23,000-இல் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஆக மாதம் அதிகபட்சம் 7,667 ரூபாய் வாக்கில்தான் பிடிக்கலாம், அதுவும் ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதம் வரைதான். பி.எஃப். பணம் ஜப்திக்கு வராது. ஆனால் சம்பளக் கணக்கு கடன் கொடுத்த அதே பேங்கில் இருந்தால் வேறு பேங்குக்கு மாற்றிக்கொள்ளப் பாருங்கள், கணக்கில் விழுந்த பணத்தைப் பாக்கிக்கு எடுத்துக்கொள்கிற உரிமையை அவர்கள் காட்டுவார்கள்.

வக்கீலுக்கு வருகிறேன். முதல் விஷயம், உங்களுக்கும் கணவருக்கும் ஒரே வக்கீல் வேண்டாம். சண்டை என்று அர்த்தமில்லை, நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் இந்தக் கடனில் உங்கள் நலன் வேறு, அவர் நலன் வேறு. ஒரு உதாரணம் போதும். அவருடைய ஐ.பி. மனுவில் கடன் பட்டியல் எழுதும்போது அந்தப் புரோநோட்டுக்கு நேராக 'நானும் என் மனைவியும் வாங்கியது' என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால், 'நான் சாட்சிதான்' என்கிற உங்கள் வாதத்தின் மேல் உங்கள் கணவரே கல்லைத் தூக்கிப் போட்டது போல ஆகிவிடும். மனு எழுதுகிறவர் அவர் வக்கீல், அவர் கவலை அவர் கட்சிக்காரர். அதனால் மனு கோர்ட்டுக்குப் போவதற்கு முன் உங்கள் வக்கீல் அதை ஒருமுறை படித்தாக வேண்டும். உங்கள் நகையை வைத்தோ உங்கள் கணக்கிலிருந்தோ கணவர் தொழிலுக்குப் பணம் கொடுத்து அதற்கு ரசீதோ பேங்க் பதிவோ இருந்தால், அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் நீங்களும் வரலாமா என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை அவர் வக்கீல் தானாக எழுப்ப மாட்டார்.

எங்கே தேடுவது என்றால், உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். தாலுகா கோர்ட்டிலும் அதன் குழு உண்டு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்பது 1987-ஆம் வருடச் சட்டம், சம்பளம் வாங்குகிறேனே என்று தயங்காதீர்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று பார்ப்பார் என்ற எண்ணம் இருக்கிறது, சிலர் அப்படித்தான், பலர் அப்படி இல்லை. முதல் ஆலோசனைக்காகவாவது அங்கே போங்கள். பேங்கோடு பேசித் தீர்க்கிற மக்கள் நீதிமன்றத்துக்கும் அதுதான் வாசல்.

காசு கொடுத்து வைப்பதென்றால், சிவில் பார்க்கிறவர், அதிலும் பண வழக்கும் நிறைவேற்று மனுவும் தினமும் பார்க்கிறவர் வேண்டும். சப் கோர்ட்டில் ஐ.பி. எடுக்கிறவர் ஊருக்கு இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், வளாகத்தில் யாரைக் கேட்டாலும் பெயர் வரும். அவரிடம் 'இதுவரை எத்தனை ஐ.பி. போட்டீர்கள்' என்று கேட்காதீர்கள், 'எத்தனை பேருக்கு விடுதலை உத்தரவு வரை வாங்கிக் கொடுத்தீர்கள்' என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். பேங்க் சர்ஃபேசி நோட்டீஸ் அனுப்பி வீட்டைக் கைப்பற்ற வந்தால் அந்த வழக்கு கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில், தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில்தான் இருக்கிறது. அதற்கு அங்கே பழக்கமுள்ளவர் வேண்டும், நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் போக வேண்டும். கட்டணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் கட்டம் கட்டமாகப் பேசிக்கொள்ளுங்கள், ரசீது கேளுங்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போது கூடவே வெள்ளைத் தாள்களை நீட்டினால் போடாதீர்கள். 'கடனை 100 சதவீதம் தள்ளுபடி செய்து தருகிறோம்' என்று விளம்பரம் போடுகிறவர்களிடம் போகவே போகாதீர்கள். வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது, ஜெயிக்கிறதில் பங்கு கேட்கவும் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதை மீறியே ஆரம்பிக்கிறவர் உங்களுக்காக எதைக் காப்பாற்றப் போகிறார்?

பேங்கோடு ஒரே தவணையில் முடிக்கிற பேச்சு வந்தால் ஒரு எச்சரிக்கை. நண்பர் தன் பங்கு என்று ஒரு தொகை கட்டி அவரை மட்டும் பேங்க் விடுவித்தால் அது தானாக மற்றவரை விடுவித்ததாக ஆகாது. யார் கட்டினாலும், முடித்துக்கொண்ட கடிதத்தில் கடனாளி, கூட்டாளி, இரண்டு ஜாமீன்தாரர் எல்லோர் பெயரையும் எழுதி, இனி யாரிடமும் பாக்கி இல்லை என்று வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டு வருடம் கழித்து வேறு ஒரு அதிகாரி மீதித் தொகைக்கு உங்களுக்கு நோட்டீஸ் அனுப்புவார்.

என்னைக் கேட்டால் இப்போதைக்கு உங்கள் கணவரும் ஐ.பி. போட அவசரப்பட வேண்டாம். உங்கள் மொத்தக் கடனில் பெரிய இரண்டு பேங்க் கடன்தான். ஒன்றை ஐ.பி. தொடவே முடியாது, இன்னொன்றை உங்கள் தலையில் தள்ளிவிடும். இரண்டு புரோநோட்டுக்கும் கார்டு பாக்கிக்கும் மட்டும் இவ்வளவு பெரிய ஆயுதத்தை எடுத்து, வீட்டில் அவருக்கு இருக்கிற பங்கை ரிசீவர் கையில் கொடுப்பது நல்ல கணக்காக எனக்குத் தெரியவில்லை. நண்பரையும் அவர் மனைவியையும் பேங்கோடு பேச ஒரே மேஜைக்குக் கொண்டுவருவதுதான் முதல் வேலை, உங்கள் வக்கீல் அனுப்புகிற ஒரு நோட்டீஸ் அதற்குப் போதும். தாள்களைப் பார்த்த வக்கீல் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள், நான் உங்கள் கடிதத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, அந்தத் தெரிந்தவருக்கு என்று எடுத்து வைத்திருக்கிற 40,000. வீட்டுக் கடனில் இரண்டு தவணை விழுந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாக்கி 90 நாளைத் தாண்டினால் பேங்க் அதை வாராக்கடன் என்று குறித்துவிடும், 60 நாள் நோட்டீஸுக்குக் கதவு திறப்பதும் அப்போதுதான். அந்தப் பணத்தை உங்கள் கணக்கு வழியாக வீட்டுக் கடனில் கட்டுங்கள், இந்த வாரமே. ரசீதை அந்த நோட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.